பேஸை விற்பதற்கு முன் ஒரு ஸ்பாஞ்ச் வாங்குங்கள்

திருச்சிப் பக்கம் ஒரு லைட் மியூசிக் குழுவில் வாசிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, என்னிடம் ஜாஸ் பேஸ் மாடலில் நாலு கம்பி பேஸ் கிட்டார் ஒன்று இருக்கிறது. கடையில் போட்டுக் கொடுத்த ரவுண்ட்வுண்ட் கம்பிதான் இன்னும் ஓடுகிறது. எனக்கு 1960-களின் மோட்டவுன் பாட்டுகளில், ஜேம்ஸ் ஜேமர்சன் வாசிப்பில் வரும் 'தும் தும்' என்கிற கனமான சத்தம் வேண்டும். என்னுடையது 'ணங் ணங்' என்கிறது. இதை விற்றுவிட்டு பிரிசிஷன் வாங்கட்டுமா? ஆக்டிவா, பாசிவா? எந்த ஆம்ப்? அஞ்சு கம்பி எடுக்கலாமா? கையில் 40,000 ரூபாய் இருக்கிறது."

விற்காதீர்கள் தம்பி. குறைந்தது இந்த மாதம் விற்காதீர்கள். நீங்கள் கேட்கும் சத்தத்தின் பெரும்பகுதி உங்களிடம் இருக்கும் பேஸிலிருந்தே வரும். அதற்கு முதலில் தேவைப்படுவது சமையலறையில் பாத்திரம் தேய்க்க வைத்திருக்கும் ஸ்பாஞ்ச். கிண்டல் இல்லை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

அமெரிக்காவின் மோட்டவுன் ரெக்கார்டு கம்பெனிக்கு வாசித்த பேஸ் கலைஞர் ஜேமர்சன். அவர் கையில் என்ன இருந்தது என்று முதலில் பார்ப்போம். 1962-ஆம் வருடத்து ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ். (பிரிசிஷன், ஜாஸ் இரண்டுமே ஃபெண்டர் கம்பெனியின் மாடல்கள்.) 'ஃபங்க் மெஷின்' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார். அதில் லா பெல்லா கம்பெனியின் கனமான பிளாட்வுண்ட் கம்பிகள் (மேலே பட்டையாகச் சுற்றியவை), 0.052 அங்குலத்திலிருந்து 0.110 அங்குலம் வரை. இன்று கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் செட் 0.045-இல் தொடங்கும் என்பதை வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கம்பி அறுந்தால் மட்டுமே மாற்றுவார். வருடக்கணக்கான எண்ணெயும் அழுக்கும் ஏறிய கம்பி. கம்பிகள் நெக்கிலிருந்து, அதாவது விரல் அழுத்தும் கழுத்துப் பகுதியிலிருந்து, நல்ல உயரத்தில் இருந்தன, மற்றவர்கள் வாங்கி வாசித்தால் விரல் வலிக்கும் அளவுக்கு. கம்பிகளின் கீழ் முனையைத் தாங்கும் பிரிட்ஜை மூடும் உலோகத் தகட்டுக்கு அடியில் ஒரு துண்டு ஃபோம், நம் ஸ்பாஞ்ச் மாதிரி. வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்று மட்டும். 'கொக்கி' என்பதே அந்த விரலுக்குப் பட்டப்பெயர். டெட்ராய்ட்டில் இருந்த மோட்டவுன் ஸ்டூடியோவில் அவருடைய பேஸின் சத்தம் ஆம்ப் வழியாகப் போகவில்லை, நேரே மிக்சருக்குப் போனது.

இந்தப் பட்டியலைப் படித்ததும் எல்லோர் கண்ணும் 'பிரிசிஷன்' என்ற சொல்லில்தான் போய் நிற்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. பட்டியலை இன்னொரு தடவை படியுங்கள். பழைய கம்பி, பட்டைக் கம்பி, ஃபோம், விரலின் சதை. எல்லாம் ஒரே வேலையைச் செய்கின்றன: சுரத்தைச் சீக்கிரம் சாகடிக்கின்றன. நீங்கள் தேடுவதை 'டோன்' என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். என் அனுபவத்தில் அது முக்கால்வாசி சுரத்தின் நீளம். எங்கே தொடங்குகிறது என்பதை நாம் எல்லோரும் கவனிக்கிறோம். எங்கே முடிகிறது என்பதைக் கவனிப்பவர் குறைவு.

கொஞ்சம் கணக்கு. பேஸின் தடித்த ஈ கம்பியைச் சும்மா தட்டினால் விநாடிக்கு 41 முறை அதிர்கிறது. ஆனால் கம்பி அந்த ஒரு அதிர்வோடு நிற்பதில்லை. 82, 123, 165 என்று அதன் மடங்குகளும் கூடவே எழும். புது ரவுண்ட்வுண்ட் கம்பியில் இந்த மேல் மடங்குகள் கூட்டமாக வந்து வெகுநேரம் நிற்கும். உங்கள் 'ணங்' அதுதான். தனியாக வீட்டில் வாசிக்கும்போது அது பியானோ மாதிரி அழகாக இருக்கும், குறை சொல்ல மாட்டேன். குழுவோடு வாசிக்கும்போது, அடுத்த சுரத்தைத் தட்டும் வரை முந்தைய சுரம் வால் நீட்டிக்கொண்டே இருக்கும். கீபோர்டின் இடது கையோடு மோதும், டிரம்ஸின் கிக்கை மூடும். ஃபோம் வைத்தால் மேல் மடங்குகள் முதலில் சாகும், அடிச்சுரம் கொஞ்சம் தள்ளிச் சாகும். காதுக்கு மிச்சம் இருப்பது 'தும்'. அந்த 'தும்'முக்கும் அடுத்த 'தும்'முக்கும் நடுவில் ஒரு வெற்றிடம். தாளம் உட்காருவது அந்த வெற்றிடத்தில்தான்.

ஸ்பாஞ்சை எப்படி வைப்பது? சொரசொரப்பான பச்சைப் பக்கம் இருந்தால் அதைக் கிழித்துவிட்டு மஞ்சள் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நாலு கம்பிகளின் அகலத்துக்கு, சுமார் இரண்டு சென்டிமீட்டர் தடிமனில் ஒரு துண்டு வெட்டுங்கள். பிரிட்ஜுக்கு ஒட்டினாற்போல், கம்பிகளுக்குக் கீழே செருகுங்கள். கம்பியைத் தொட வேண்டும், மேலே தூக்கக் கூடாது. தூக்கினால் சுருதி ஏறிவிடும், நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளான ஃப்ரெட்டுகளில், மேலே போகப் போக அபஸ்வரம் அடிக்கும். செருகிய பிறகு ட்யூனரில் ஒருமுறை பாருங்கள். திறந்த கம்பியை, அதாவது எங்கும் அழுத்தாமல், தட்டினால் ஒன்று, ஒன்றரை விநாடியில் அடங்க வேண்டும். அதைவிடச் சீக்கிரம் அடங்கினால் தகர டப்பா மாதிரி இருக்கும், துண்டை மெலிதாக வெட்டுங்கள். ஜி கம்பி பக்கம் மட்டும் அதிகமாக அமுங்கிப்போவது வழக்கம். அங்கே ஸ்பாஞ்சைச் சற்றுச் சரிவாகச் சீவினால் சரியாகிவிடும்.

நான் முதல்தடவை மேடையில் இதைச் செய்தபோது கீபோர்டுக்காரர் என் பக்கம் திரும்பி, "என்ன, ஆம்ப் போயிடுச்சா?" என்று கேட்டார். டிரம்மர் ஒன்றும் கேட்கவில்லை. நாலாவது பாட்டில் அவர் சிரித்துக்கொண்டே வாசிப்பதைப் பார்த்தேன். அதற்கப்புறம் நான் ஸ்பாஞ்சை எடுக்கவில்லை.

ஃபோம் இன்னொரு நன்மையும் செய்யும், இதை அதிகம் பேர் சொல்வதில்லை. ஜேமர்சன் பள்ளியில் கற்றது நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய டபுள் பேஸ். அதில் திறந்த கம்பிகளைத் தாராளமாகப் பயன்படுத்துவார்கள். அவரும் அந்தப் பழக்கத்தோடுதான் எலக்ட்ரிக்குக்கு வந்தார். ரவுண்ட்வுண்டில் திறந்த கம்பி மற்ற சுரங்களைவிட வெளிச்சமாக, நீளமாக ஒலித்துத் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அதனால் நாம் அதைத் தவிர்க்கப் பழகிவிடுகிறோம். ஃபோம் வைத்தபின் திறந்த சுரமும் ஃப்ரெட்டில் அழுத்திய சுரமும் ஒரே நீளத்துக்கு வந்துவிடும். கை இடம் மாறும்போது நடுவில் ஒரு திறந்த சுரத்தைப் போட்டு நழுவலாம். அவர் வரிகளில் பாதி அந்த நழுவலில் நடக்கிறது. ஸ்பாஞ்ச் இல்லாமல் அதே சுரங்களை வாசித்துப் பார்த்து 'வரவில்லையே' என்று வருத்தப்பட்டவர்கள் நிறையப் பேர். நானும் ஒருவன்.

அடுத்தது கம்பி. உள்ளே ஒரு எஃகுக் கம்பி, அதன்மேல் இன்னொரு கம்பியைச் சுற்றுவார்கள். சுற்றுவது உருண்டைக் கம்பியாக இருந்தால் ரவுண்ட்வுண்ட், நாடா போலப் பட்டையாக இருந்தால் பிளாட்வுண்ட். பிளாட் தொட்டால் வழவழவென்று இருக்கும், விரல் நகரும்போது 'சர்' சத்தம் வராது. ஆரம்பத்தில் பேஸ் என்றாலே பிளாட்தான். 1966 வாக்கில் ரோட்டோசவுண்ட் கம்பெனியும் 'தி ஹூ' குழுவின் பேஸ் கலைஞர் ஜான் என்ட்விசிலும் சேர்ந்து ரவுண்ட்வுண்ட் செட் ஒன்றை உருவாக்கிய பிறகுதான் அந்த வெளிச்சமான சத்தம் பரவியது. பிளாட் செட் ரவுண்டைவிட விலை அதிகம், நம் ஊரில் சில ஆயிரம் ரூபாய் ஆகும். ஆனால் ஒருமுறை போட்டால் வருடக்கணக்கில் ஓடும், ஓட ஓட நன்றாகும். நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் ரவுண்ட் கம்பி சில வாரத்தில் செத்துப்போகும். அதை உயிர்ப்பிக்கத் தண்ணீரில் கொதிக்கவைக்கும் வித்தை எங்கள் காலத்தில் பிரசித்தம். அழுக்கு கழன்று இரண்டு மூன்று நிகழ்ச்சிக்குப் பளிச்சென்று ஒலிக்கும். ரசம் வைக்கும் பாத்திரத்தில் கம்பியைக் கொதிக்கவிட்டு வீட்டில் நான் வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஜேமர்சன் போட்டார் என்பதற்காக அதே 0.110 செட்டை வாங்கிவிடாதீர்கள். அந்த இழுவிசைக்கு உங்கள் பேஸின் நெக் வளையும், நெக்கின் உச்சியில் கம்பிகளைத் தாங்கும் நட்டில் இருக்கும் பள்ளம் பத்தாது, விரலும் தாங்காது. 0.045-இல் தொடங்கும் சாதாரண அளவு பிளாட் போதும். மாற்றிய மறுநாள் நெக்கை ஒருமுறை பாருங்கள். முன்பக்கம் அதிகம் குழிந்திருந்தால் நெக்குக்குள் ஓடும் உலோகக் கோலான டிரஸ் ராடைக் கால் சுற்று மட்டும் திருப்பி, சில மணி நேரம் விட்டு, மறுபடி பாருங்கள். ஒரே மூச்சில் முழுச் சுற்று சுற்றி நெக்கைக் கெடுத்தவர்களை எனக்குத் தெரியும். கை நடுங்கினால் தெரிந்தவரிடம் கொடுங்கள், அந்தக் கூலி வீண் போகாது.

சரி, பேஸ் வடிவத்துக்கு வருவோம்.

லியோ ஃபெண்டர் 1951-இல் பிரிசிஷனைக் கொண்டுவந்தார். டபுள் பேஸில் ஃப்ரெட் கிடையாது, சுரம் சரியாக விழுவது கையின் பயிற்சியைப் பொறுத்தது. இதில் ஃப்ரெட் இருப்பதால் சுரம் துல்லியமாக விழும், அதனால் அந்தப் பெயர். நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை 34 அங்குலம். இன்றும் உலகம் முழுக்கப் பெரும்பாலான பேஸ் அந்த நீளம்தான். கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப், முதலில் ஒற்றைச் சுருளாக இருந்தது. 1957-இல் அதை இரண்டு துண்டாக்கி, ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றி வைத்தார்கள். அதனால் கரண்ட் இரைச்சல் தன்னைத் தானே அடித்துக்கொள்ளும். 1960-இல் ஜாஸ் பேஸ் வந்தது. மெல்லிய நெக், இரண்டு ஒற்றைச் சுருள் பிக்கப்புகள்.

உங்கள் ஜாஸில் இரண்டு வால்யூமையும் முழுதாகத் திறந்து வைத்திருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் வைப்போம். அந்த நிலையில் இரண்டு பிக்கப்பும் கம்பியை இரண்டு இடத்தில் கேட்பதால் நடு அலைவரிசைகள் சில ஒன்றையொன்று தின்றுவிடும். தனியாகக் கேட்டால் பளபளப்பு, குழுவில் போனால் ஆளையே காணோம். பிரிட்ஜ் பக்கத்து பிக்கப்பைப் பூஜ்ஜியமாக்குங்கள். நெக் பக்கத்தை முழுதாக வையுங்கள். டோனை மூன்றில் ஒரு பங்குக்கு இறக்குங்கள். இது பிரிசிஷன் ஆகிவிடாது, பிக்கப்பின் அமைப்பும் இடமும் வேறு. ஆனால் ஸ்பாஞ்சும் பிளாட்டும் சேர்ந்துவிட்டால், மண்டபத்தில் பத்தாவது வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. மேடையில் உங்களுக்குத் தெரியும், அது வேறு விஷயம்.

ஒரு பிக்கப்பை மட்டும் திறந்தால் இரைச்சல் வரும். இரண்டும் சமமாக இருக்கும்போது அது அடங்கியிருந்தது. நம் நாட்டு மின்சாரம் 50 சைக்கிள், அதாவது விநாடிக்கு 50 முறை. பேஸில் ஈ கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் ஜி சுரம் 49. ஆக, ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று வாசித்தால் நாள் முழுக்க யாரோ கீழே ஜி பிடித்துக்கொண்டிருப்பது போல இருக்கும். உடம்பைக் கொஞ்சம் திருப்பி நின்று பாருங்கள், சில திசைகளில் குறையும். பொறுக்க முடியாவிட்டால், ஜாஸ் அளவிலேயே இரைச்சல் அடங்கும்படி உள்ளே இரட்டைச் சுருள் வைத்த பிக்கப்புகள் கிடைக்கின்றன. பேஸை மாற்றுவதைவிட அது மலிவு.

பேஸின் வடிவத்தை மட்டும் நம்பாதீர்கள் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி அமெரிக்க பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ். அவருடையதும் 1962 ஃபெண்டர் என்றுதான் சொல்லப்படுகிறது, ஜாஸ் பேஸ். ஃப்ரெட்டுகளைப் பிடுங்கி, பள்ளங்களை அடைத்து, நெக்கின் மேல் படகுக்குப் பூசும் எபாக்ஸியைப் பூசினார். ரோட்டோசவுண்ட் ரவுண்ட்வுண்ட் கம்பி. பிரிட்ஜ் பக்கத்து பிக்கப். அதன் மேலேயே விரலை வைத்துத் தட்டுவார். கம்பி அந்தக் கடினமான பூச்சில் உரசி, சுரம் ஒரு மனிதக் குரல் மாதிரி மூக்கால் பாடிக்கொண்டே விரியும். ஜேமர்சன் சுரத்தைக் கொல்ல என்னவெல்லாம் செய்தாரோ, ஜாக்கோ அதை வாழவைக்க அத்தனையும் செய்தார். ஒரே கம்பெனி, ஒரே காலம், ஒரே 34 அங்குலம். கம்பியும் கையும் ஃபோமும் எபாக்ஸியும் இரண்டையும் இரண்டு உலகமாக்கிவிட்டன.

இரண்டு பேஸும் திருடு போயின என்பது இன்னொரு ஒற்றுமை. ஃபங்க் மெஷின் 1983-இல் ஜேமர்சன் இறப்பதற்குச் சில நாட்கள் முன்னால் போனது, இன்றுவரை வரவில்லை. ஜாக்கோவுடையது 1986-இல் போய், சுமார் இருபது வருடம் கழித்து வெளியே வந்தது. பால் மெக்கார்ட்னியின் வயலின் வடிவ ஹாஃப்னர் 1972-இல் திருடு போய், 2024-இல் திரும்பக் கிடைத்ததாக அறிவித்தார்கள். வேனில் பேஸை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

வலது கை. ஒரு விரலால் மட்டும் வாசியுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வாரம் அப்படி வாசித்துப் பாருங்கள். இரண்டு விரல் மாறி மாறித் தட்டும்போது ஒவ்வொரு தட்டும் சற்று வேறுபடும். ஒரே விரல் என்றால் எல்லாத் தட்டும் ஒரே எடையில் விழும். வேகமான இடங்களில் விரலைக் கீழ்க்கம்பியிலிருந்து மேல்கம்பிக்கு இழுத்துக்கொண்டே போக வேண்டியிருக்கும், அதிலேயே தாளம் கொஞ்சம் சாயும். அந்தச் சாய்வு அழகு. தட்டும் இடமும் முக்கியம்: நெக் பக்கம் போனால் உருண்டையாக, பிரிட்ஜ் பக்கம் போனால் கடினமாக. உங்களுக்கு வேண்டியது நெக் பக்கம். மெதுவாகத் தொட்டு ஆம்பை ஏற்றுவது ஒரு பள்ளி, ஓங்கித் தட்டி ஆம்பை இறக்குவது இன்னொன்று. இந்தச் சத்தத்துக்கு இரண்டாவது.

விரலுக்குப் பதில் பிக் (பிளாஸ்டிக் மீட்டுத் தகடு) வைத்து வாசித்தால் இது வராது என்பது பொய். லாஸ் ஏஞ்சல்ஸின் பேஸ் கலைஞர் கேரல் கே ஆயிரக்கணக்கான பதிவுகளில் பெரும்பாலும் பிக் வைத்துத்தான் வாசித்தார். பிளாட் கம்பி, கம்பிகளின் மேல் ஒரு துண்டு துணி. அந்த 'தும்' அவரிடமும் இருக்கிறது, முன்னால் ஒரு சின்ன 'டக்' சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான். மறுபடியும் பாருங்கள், பிக்கா விரலா என்பதைவிட அந்தத் துணிதான் பேசுகிறது.

ஆக்டிவா, பாசிவா? ஆக்டிவ் என்றால் பேஸுக்குள்ளேயே 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஒரு சின்னப் பெருக்கி. 1976-இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே இதைப் பரவலாக்கியது. கட்டைவிரலால் அடிக்கும் ஸ்லாப்புக்கு, பளிச்சென்ற நவீன சத்தத்துக்கு அது அருமை. நீளமான கேபிளில் மேல் அலைவரிசை இழக்காமல் போகும். நீங்கள் கேட்கும் சத்தத்துக்கு அந்த மேல் அலைவரிசையே வேண்டாம். பதினைந்து மீட்டர் கேபிளில் கொஞ்சம் தொலைந்தால் தொலையட்டும். பாசிவ் போதும். அதோடு, ஆக்டிவ் பேஸில் கேபிளைச் செருகியே வைத்திருந்தால் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். ஒரு முகூர்த்த நாள் கச்சேரியில், மாப்பிள்ளை ஊர்வலம் முடிந்து முதல் பாட்டு தொடங்கியதும் என் ஆக்டிவ் பேஸ் கரகரத்தது, பல்லவி முடிவதற்குள் செத்தது. மத்தியானம் கேபிளைப் பிடுங்காமல் சாப்பிடப் போனது நான்தான். மீதி நிகழ்ச்சிக்குக் கீபோர்டுக்காரர் இடது கையால் பேஸ் வாசித்தார். மைக்செட்காரர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

ஆம்ப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. மோட்டவுனில் நேரே மிக்சருக்குப் போனது என்று சொன்னேன் இல்லையா. உங்கள் மேடையிலும் கடைசியில் மிக்சருக்குத்தான் போகும். ஜேமர்சன் வெளி நிகழ்ச்சிகளில் ஆம்பெக் பி-15 வைத்திருந்தார். 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, வால்வு ஆம்ப், சக்தி வெறும் 25, 30 வாட். 1969-இல் அதே கம்பெனி 300 வாட் எஸ்.வி.டி-யைக் கொண்டுவந்தது பெரிய அரங்குகளுக்காக. உங்களுக்கு இரண்டும் வேண்டாம். நல்ல டி.ஐ. பாக்ஸ் ஒன்று சொந்தமாக வாங்குங்கள். பாசிவ் பேஸை மிக்சரில் நேராகச் செருகினால், மின்தடை பொருந்தாமல் சத்தம் மெலிந்து வரும். டி.ஐ. அதைச் சரிசெய்யும், நீளமான மைக் கேபிளில் இரைச்சல் இல்லாமல் அனுப்பவும் உதவும். மைக்செட்காரரிடம் இருக்கும் டி.ஐ-யை நம்பி இருக்காதீர்கள். பெரும்பாலும் அது கீபோர்டுக்குப் போயிருக்கும். வீட்டுப் பயிற்சிக்கு ஹெட்போன் போதும். கிட்டார் ஆம்பில் மட்டும் பேஸைச் சத்தமாக வைக்காதீர்கள், ஸ்பீக்கர் கிழியும்.

உங்கள் வாசிப்பைப் போனில் பதிவுசெய்து கேட்டு 'பேஸே இல்லை' என்று முடிவுகட்டாதீர்கள். போன் ஸ்பீக்கரால் 41 சைக்கிளை எழுப்பவே முடியாது. 82, 123, 165 என்ற மடங்குகளில் எட்டுகிறவற்றைக் கேட்டு, அடிச்சுரம் இருப்பதாக மூளை தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. டோனை முழுக்க மூடிவிட்டால் அந்த மடங்குகளும் போய்விடும், அப்புறம் போனில் ஒன்றும் கேட்காது. மூன்றில் ஒரு பங்கு என்று மேலே சொன்னதற்குக் காரணம் இதுதான்.

நீங்கள் ராஜா பாட்டுகளும் ரகுமான் பாட்டுகளும் வாசிப்பவர்தானே. அவற்றையும் இதே காதோடு கேளுங்கள். இளையராஜா ஒவ்வொரு கருவிக்கும் நோட்டேஷன் எழுதிக் கொடுப்பவர். சசிதரன் வாசித்த பேஸ், பாடகர் பாடும் மெட்டுக்குக் கீழே இன்னொரு மெட்டாக நடப்பதை எல்லோரும் சிலாகிப்பார்கள். சுரங்களைப் பிரதி எடுத்து அச்சாக வாசிக்கும் பையன்கள் நிறைய. ஆனால் ஒரு சுரத்தை எங்கே பிடித்து நிறுத்துகிறார், எங்கே கால் மாத்திரை முன்னாலேயே விட்டுவிடுகிறார் என்று கேட்டு வாசிப்பவர் சிலர்தான். அதேபோல ரகுமானிடம் கீத் பீட்டர்ஸ் வாசித்ததைக் கேளுங்கள். சில இடங்களில் சுரம் வேண்டுமென்றே நீண்டு வழியும். அந்த இடங்களில் உங்கள் ஸ்பாஞ்ச் தொல்லை கொடுக்கும். இரண்டு வகைப் பாட்டும் ஒரே மேடையில் வரும் என்பதால், பிடுங்கிச் செருக வசதியாக ஸ்பாஞ்சை ஒட்டாமல் வையுங்கள். இரண்டு பாட்டுக்கு நடுவில் அறிவிப்பாளர் பேசும் நேரம் அதற்குப் போதும். ஸ்பாஞ்ச் இல்லாமலேயே வலது உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜில் வைத்துக் கட்டைவிரலால் தட்டினாலும் ஏறக்குறைய அதே 'தும்' வரும். வேகமான பாட்டுக்குக் கஷ்டம், மெலடிக்குப் போதும்.

ஆக 40,000-இல், ஸ்பாஞ்சுக்கு இருபது ரூபாய், ஒரு பிளாட் செட், நெக் சரிபார்க்கும் கூலி, ஒரு டி.ஐ. பாக்ஸ். பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும். மூன்று மாதம் இப்படி ஓட்டுங்கள். அதற்கப்புறமும் பிரிசிஷன் வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக வாங்குங்கள், அது ஆசை, ஆசைக்குக் காரணம் தேவையில்லை. பழையது பார்க்கும்போது பிக்கப்பின் இரண்டு துண்டும் வேலை செய்கிறதா என்று நாலு கம்பியையும் தட்டிப் பாருங்கள். ஒரு துண்டு செத்திருந்தால் ஈ, ஏ இரண்டும் சேர்ந்து மங்கும், அல்லது டி, ஜி இரண்டும். டிரஸ் ராட் இரண்டு பக்கமும் அசைகிறதா என்று பாருங்கள், கடைசிவரை இறுக்கியிருந்தால் வாங்காதீர்கள். தோளில் மாட்டிப் பத்து நிமிடம் நில்லுங்கள். மண்டபத்தில் நாலு மணி நேரம் நிற்கப்போவது நீங்கள்தான்.

அஞ்சு கம்பி. கீழே கூடுதலாக வரும் பி கம்பி 31 சைக்கிள், மண்டபத்து ஸ்பீக்கர்கள் பலவற்றுக்கு அது எட்டாது. ஜேமர்சன் அத்தனையும் நாலு கம்பியில் வாசித்தார் என்று சொல்லி உங்களை நான் மடக்கலாம், ஆனால் கீபோர்டில் பேஸ் போட்ட புதுப்பாட்டுகளை அவர் வாசிக்க வேண்டியிருக்கவில்லை. உங்கள் குழுவின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ஈ-க்குக் கீழே போகும் பாட்டு ஐந்தாறு இருந்து, அவற்றை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றி வாசிப்பதைப் பாடகர்களும் டிரம்மரும் குறை சொல்கிறார்கள் என்றால் எடுங்கள். ஒன்றிரண்டுதான் என்றால், அந்தப் பாட்டுக்கு மட்டும் ஈ கம்பியை டி-க்கு இறக்கிக்கொள்ளுங்கள். பாட்டு முடிந்ததும் மறக்காமல் ஏற்றிவிடுங்கள்.